‘எவ்வளவு ஆகும்’ என்று கேட்டதற்காக

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஸ்க்ரீன்ஷாட்டை எனக்கே நான்கு பேர் அனுப்பினீர்கள். அதனால் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. “கூடப் பிறந்தவள் படுத்துக் கிடக்கும்போது கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டு நின்றாள்” என்று, மருத்துவமனையில் அக்காவின் சிகிச்சைச் செலவைக் கேட்டதற்காக என்னைப் பற்றி அங்கே எழுதிய அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல வேண்டும். விட்டுவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன். முடியவில்லை.

ஆமாம், கேட்டேன். அக்காவுக்குப் பித்தப்பையில் கல். வலி அடங்கி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க உட்கார்ந்திருந்தோம். கையில் கொடுத்த பரிசோதனைப் பட்டியலில் இன்னொரு ஸ்கேன் இருந்தது. இது எதற்கு, இதில் ஏதாவது தெரிந்தால் சிகிச்சை மாறுமா என்று கேட்டேன். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. “ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, கல் பித்தநாளத்துக்குள் இறங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மட்டும் அந்த ஸ்கேன் எடுக்கலாம்” என்றார். சந்தேகம் வரவில்லை, எடுக்கவில்லை. மருத்துவருக்கு வராத கோபம், அறைக்கு வெளியே நின்ற சொந்தக்காரர்களுக்கு வந்தது.

செலவைக் கேட்பது கஞ்சத்தனம் இல்லை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. 2012-இல் அமெரிக்காவில் மருத்துவர் சங்கங்கள் பல சேர்ந்து ‘சூசிங் வைஸ்லி’ (யோசித்துத் தேர்ந்தெடுப்பது) என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கின. பிறகு வேறு நாடுகளுக்கும் போனது. நோயாளி தன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை என்று அதில் ஐந்து கேள்விகளைச் சொன்னார்கள். இந்தப் பரிசோதனை எனக்கு நிஜமாகவே தேவையா, இதில் என்ன ஆபத்து, இதைவிட எளிய வழி உண்டா, ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும். ஐந்தாவது கேள்வி, எவ்வளவு ஆகும். மருத்துவர்களே கேளுங்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டில்தான் அது பாவம்.

“எதற்கும் நேரம் காலம் வேண்டாமா” என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பக்கவாதம், விபத்து என்றால் வாயைத் திறக்காமல் ஓட வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அங்கே நின்று விலை கேட்க மாட்டேன். ஆனால் வாழ்நாள் முழுக்க நாம் செய்யும் மருத்துவச் செலவில் சைரன் வைத்துக்கொண்டு வருவது எத்தனை? மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, கண்ணில் புரை, முழங்கால், பல், நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சை, எல்லாவற்றுக்கும் கேட்க நேரம் இருக்கிறது. அக்காவுக்கும் இருந்தது.

“அதுதான் காப்பீடு இருக்கிறதே, பிறகென்ன” என்றார் இன்னொருவர். இதற்குத்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. பாலிசியை ஒரு முறையாவது பிரித்துப் படித்தீர்களா? காப்பீடு இருக்கிறது என்றால் பில் முழுவதும் அவர்கள் தலையில் என்று அர்த்தம் இல்லை. முதலில் நாம் இவ்வளவு கட்டிய பிறகுதான் அவர்கள் தருவார்கள் என்று இருக்கலாம். ஒவ்வொரு பில்லிலும் நம் பங்கு இத்தனை சதவீதம் என்று இருக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கலாம். சில பாலிசிகளில் அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டிய அறையை எடுத்தால் வாடகை வித்தியாசத்தை மட்டும் கட்டிவிட்டு வர முடியாது. அறுவை சிகிச்சைக் கட்டணம், மருத்துவர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். “அக்காவுக்கு நல்ல ரூமா போடுங்க” என்று அன்பாகச் சொன்னவர்களுக்கு இது தெரியாது. அந்த அன்புக்கு அக்காதான் பணம் கட்டியிருப்பாள். நான் சின்ன அறையே போதும் என்று சொன்னது இதனால்தான். குழுவில் அதையும் எழுதிவிட்டீர்கள்.

பில் விஷயத்துக்கும் வருகிறேன். மொத்தத் தொகை மட்டும் போட்ட ஒரு தாளை நீட்டினார்கள். வரிவரியாக விவரம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். நாலு பக்கம். என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. அக்காவைச் சேர்த்ததிலிருந்து என்ன ஊசி, எத்தனை மணிக்கு, யார் வந்து பார்த்தார்கள் என்று அதில் எழுதிக்கொண்டே வந்தேன். “செவ்வாய் காலை 9.20, ட்ரிப் கழற்றியாச்சு” என்று நோட்டில் இருக்கிறது. பில்லில் புதன்கிழமையும் ட்ரிப் பாட்டில் ஓடியிருக்கிறது. திருப்பிக் கொடுத்த ஊசி மருந்தும் கழிக்கப்படவில்லை. சண்டை ஒன்றும் போடவில்லை. பில்லிங்கில் இருந்த பெண்ணிடம் நோட்டைக் காட்டினேன். அந்தப் பெண் வார்டுக்கு போன் செய்து கேட்டாள், பத்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்தாள். யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்லவில்லை, கைத்தவறு எங்கேயும் நடக்கும். பார்க்காமல் கட்டியிருந்தால் அது தவறு என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. தினம் இரண்டு மாத்திரை. நாங்கள் படித்துக்கொண்டிருந்த காலம், வீட்டில் பணம் இறுக்கம். அவர் மருத்துவரிடம் ஒருநாளும் “இது எனக்குக் கட்டுப்படியாகவில்லை, விலை குறைவாக வேறு இருக்கிறதா” என்று கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் போய்விடும். அவர் போன பிறகு அலமாரியைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா கிடைத்தது. உள்ளே பாதியாக வெட்டிய மாத்திரைகள். கூடவே அரை பிளேடு, தாளில் சுற்றி வைத்திருந்தார். சில துண்டு சரியான பாதி, சில நொறுங்கியவை. நொறுங்கியதையும் எறியாமல் ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து வைத்திருந்தார். எத்தனை மாதம் அப்படிச் சாப்பிட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் பிரஷர் ஏன் குறையவில்லை என்று மருத்துவர் யோசித்து மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். அவருக்கும் தெரியாது.

பல மருந்துகளுக்கு அதே மூலக்கூறில், காப்புரிமைக் காலம் முடிந்தபின் வேறு கம்பெனிகள் செய்யும் ஜெனரிக் மருந்து உண்டு. பெரும்பாலும் விலை பல மடங்கு குறைவு. உடம்பில் அசல் மருந்துக்கு நிகராகச் சேர்கிறது என்று நிரூபித்த பிறகே பல நாடுகளில் அனுமதி கிடைக்கும். அப்பா ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு கேள்வி அவர் வாயில் வராததற்குக் காரணம் நாம்தான். பணத்தைப் பற்றிப் பேசுவது அசிங்கம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இதே குடும்பம்தான். இன்று எனக்கும் அதையே சொல்லிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

“கையை விட்டுப் பணம் போனால்தான் மக்கள் தேவையில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடமாட்டார்கள்” என்று படித்த ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசம், மற்றவர்களுக்குச் செலவில் ஒரு பங்கு என்று வைத்தார்கள். பங்கு கட்டியவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது உண்மைதான். ஆனால் தேவையில்லாததை மட்டும் அவர்கள் குறைக்கவில்லை, தேவையானதையும் சேர்த்துக் குறைத்தார்கள். அங்கே ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு இலவசத் திட்டத்தில் அழுத்தம் கூடுதலாகக் கட்டுப்பட்டது. இந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்த டப்பாதான் ஞாபகம் வந்தது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று நோயாளிக்கு எப்படித் தெரியும், யாரும் உட்கார்ந்து சொல்லாவிட்டால்?

மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. அப்பாவின் காரியத்துக்கு நீங்கள்தான் முன்னால் நின்று எல்லாச் செலவையும் பார்த்தீர்கள், நான் மறக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் கேட்காமல் கொடுத்த பணத்தில் அப்பாவுக்கு எத்தனை வருட மாத்திரை வாங்கியிருக்கலாம் என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன். ஆமாம், கால்குலேட்டரில்தான். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. அவர் உங்களிடம் கேட்டிருந்தால் நீங்கள் கொடுத்திருப்பீர்கள். அவர் கேட்கவில்லை. அவரைக் கேட்க விடாமல் தடுத்தது எதுவோ, அதுதான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் விரலில் வந்து எழுதியது.

வியாழக்கிழமை அக்காவுக்கு மறுபரிசோதனை. நானும் போகிறேன். நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பி, எந்த மாத்திரையை எத்தனை நாளில் நிறுத்தலாம் என்று முதல் கேள்வியை எழுதி வைத்தேன். இரவு பார்த்தால் கீழே அக்கா கையெழுத்தில் இரண்டாவது இருந்தது: “இதற்கு விலை குறைந்த மாத்திரை உண்டா?”