காட்டில் ஒரு வருடம், டிவியில் நாலே எபிசோடு

ரியாலிட்டி ஷோக்களைச் சில வாரங்களிலேயே தூக்கிவிடுகிறார்கள், அப்படியென்றால் மக்களுக்கு அந்தச் சரக்கே சலித்துவிட்டது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரிட்டனில் சேனல் 4 டிவி எடுத்த ‘ஈடன்’ என்ற ரியாலிட்டி ஷோவின் கதையைப் பாருங்கள். 2016 மார்ச்சில் 23 பேரை ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு காட்டுப்பகுதிக்குள் விட்டு, ஒரு வருடம் நீங்களே பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நாலு எபிசோடு போட்டார்கள், அத்தோடு சரி. உள்ளே இருந்தவர்களோ பாவம், பூச்சிக்கடியிலும் பசியிலும் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சிய 10 பேர் மறு வருடம் மார்ச்சில் வெளியே வந்தபோது பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிந்து, டிரம்ப் அதிபராகவே உட்கார்ந்துவிட்டார்! அப்புறம் அந்த ஆகஸ்டில் மீதிக் கதையைச் சண்டை சச்சரவோடு சேர்த்து அஞ்சே எபிசோடில் காட்டினார்கள். முதலிலேயே அப்படி எடுத்திருக்கலாம்.

சலிப்பு ரியாலிட்டி ஷோ என்ற வகைமேல் இல்லை, இழுவைமேல்தான். எங்கள் அம்மா 2017லிருந்து “கருமம், கருமம்” என்று திட்டிக்கொண்டேதான் பிக் பாஸ் பார்க்கிறார். அடுப்பில் வைத்த பால் விளம்பரம் வந்தால்தான் ஞாபகத்துக்கு வரும், பாதி நாள் அதற்குள் பொங்கி வழிந்திருக்கும்.