தோல் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது

தம்பி, பைக் ஓட்டும்போது "தோல் ஜாக்கெட் எதுவானாலும் துணி ஜாக்கெட்டை விடப் பாதுகாப்பு" என்று எழுதியிருக்கிறீங்க. இதை நம்பி யாராவது மாலில் தொங்கும் ஃபேஷன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நானே அப்படி ஒன்றைப் போட்டிருந்தேன். சாலை வளைவில் மணல், வண்டி வழுக்கியது, வேகம் 40கூட இருக்காது. ஜாக்கெட்டின் தோல் கிழியவில்லை. தோள்பட்டைத் தையல்தான் ஒரே இழுப்பில் பிரிந்து வாயைத் திறந்தது. ஒற்றைத் தையல். உள்ளே இருந்த பனியனும் என் தோலும்தான் ரோட்டில் தேய்ந்தன.

ரைடிங்கிற்கென்று செய்த தோல் 1.2 மி.மீ. அளவில் தடிமனாக இருக்கும், இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள். அது நல்ல துணியை விட அதிக நேரம் தாங்கும், ரேஸில் அதைத்தான் போடுகிறார்கள். அதை மறுக்கவில்லை.

ஆனால் ஐரோப்பிய ஈஎன் 17092 தரம் தோல், துணி இரண்டையும் ஒரே சோதனையில்தான் தேய்த்துப் பார்க்கிறது. ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுப்பு, ஏஏஏதான் உச்சம். ஏஏ வாங்கிய துணி ஜாக்கெட், முத்திரையே இல்லாத தோலை விட நம்பகமானது. உள்ளே தைத்த லேபிளைப் பாருங்க. முழங்கைப் பேடில் இருக்கும் ஈஎன் 1621 என்ற முத்திரை பேடுக்கு மட்டும்தான், ஜாக்கெட்டுக்கு இல்லை. கடைக்காரர் அதைக் காட்டித்தான் "சிஇ ஜாக்கெட் சார்" என்பார், ஜாக்கெட்டே ஐரோப்பியப் பாதுகாப்பு முத்திரை வாங்கியது போல.

சென்னை மே மாத வெயிலில் கழற்றி டேங்க் மேல் வைக்கிற தோல் ஜாக்கெட்டும் யாரையும் காப்பாற்றாது.