வீட்டு வரி ரசீதில் ஒரு வரி

போன வாரம் வீட்டு வரி கட்டிவிட்டு ரசீதை உற்றுப் பார்த்தேன். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம். 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தால் நடக்கிற வசூல் இது. ஆக, கடலுக்குப் போகிறவர், கருவாடு விற்கிறவர், துபாயிலிருந்து பணம் அனுப்புகிறவர் என்று எல்லார் வீட்டுக் காசும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குள் கிடக்கிறது.

அதற்கு வார விடுமுறை என்றைக்குத் தெரியுமா? வெள்ளிக்கிழமை! கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி என்று இந்த ராமநாதபுரக் கரையில் ஜும்மா தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மனிதர்கள் சற்று ஓய்வாக உட்காருகிற நாளே அதுதான். மதரஸா பிள்ளைகளுக்கும் அன்றைக்குத்தான் லீவு. ஞாயிறு திறப்பது நல்ல விஷயம், அதில் கை வைக்கச் சொல்லவில்லை. வெள்ளி மாலை 4 முதல் 8 வரை திறந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பூட்டினால் யாருக்கு என்ன நட்டம்? சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931லேயே நூலகத்துக்கான ஐந்து விதிகளில் 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்று முதல் விதி எழுதினார். அதை விளக்கும்போது நூலகம் இருக்கிற இடத்தையும் திறந்திருக்கிற நேரத்தையும் பற்றித்தான் முதலில் பேசுகிறார்.

நூலகர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரே ஆள். மணலைக் கூட்டுவதும் அவர்தான், உப்புக்காற்றில் துருப்பிடித்த பீரோவோடு மல்லுக்கட்டுவதும் அவர்தான்.

அப்புறம், வாசலில் இருக்கிற அந்த போர்டு. பேசாதே, சாப்பிடாதே, பையை வெளியே வை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தது. எங்கள் தெரு மாமா ஒருவரைக் கூட்டிப்போனேன். போர்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "கார்டு இல்லாம உள்ள விடுவாகளா மாப்ள?" உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் வேண்டும். இதையும் அந்தப் போர்டில் எழுதினால் என்ன?

டிஎன்பிஎஸ்சி படிக்கும் பெண்கள் பாடு தனி. சொந்தப் புத்தகம் கொண்டுபோகக் கூடாதாம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது. இங்கே ஒரு பெஞ்சு போதும். கழிப்பறைக்கும் பூட்டு. சாவி கேட்கக் கூச்சப்பட்டு மதியமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட நினைக்கிறவர்கள் வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நூலக வாசலுக்கு வாங்க. கேட் பூட்டித்தான் இருக்கும், வெளியே வேப்பமர நிழல் இருக்கிறது.