அறுபத்திரண்டு வெள்ளிக்காரன்

சனிக்கிழமை, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் பார்க்கில் நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். காணொளியை எல்லாரும் பார்த்தாயிற்று, புளோக்வாசிகளின் செய்திக் குழுவில் நடந்த கூத்தையும் பார்த்தாயிற்று, யார் எவர் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. "நான் சாலை வரி கட்டுறேன், நீ என்ன கட்டுற?"

மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுவந்து, வண்டியை ஏற்றத்தில் நிறுத்திய பெரியவரைப் பார்த்து ஒரு கார்க்காரர் கேட்ட கேள்வி அது. அறுபதைத் தாண்டியவர், மழைக்கோட்டுகூட இன்னும் கழற்றவில்லை, கையில் யாரோ ஒருவருடைய பிரியாணிப் பை.

நான் குழுவில் போய் எழுதியது இரண்டே வரி. பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம், சாலை யாருக்கும் சொந்தமில்லை என்று. அதற்கு வந்த பதில்: "வருஷத்துக்கு 62 வெள்ளி கட்டுறவங்க எல்லாம் சாலையைப் பத்திப் பேச வந்துட்டாங்க." கீழே பதினான்கு சிரிப்பு முகம். எண்ணினேன், ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன். அதில் ஒருவருடைய மகள் கல்யாணத்துக்குக் கீழ்த்தளத்தில் ராத்திரி இரண்டு மணிவரை நாற்காலி அடுக்கியவன் நான். சரி, விடுங்கள்.

62 வெள்ளி உண்மைதான். என்னுடையது மாதிரி 200 சிசிக்குள் இருக்கும் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வருஷச் சாலை வரி அவ்வளவுதான். அந்தக் கார்க்காரருடைய காருக்கு, இரண்டு லிட்டர் எஞ்சின் என்று வைத்துக்கொண்டால், 1,210 வெள்ளி சொச்சம் வரும். கிட்டத்தட்ட இருபது மடங்கு. அப்படியென்றால் பான் ஐலண்ட் விரைவுச்சாலையில் அவருக்கு இருபது தடமும் எனக்கு ஒரு தடமும் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்களா? வரி கட்டினால் கிடைப்பது ரசீது. பட்டா இல்லை. எத்தனை பெரிய தொகை கட்டினாலும் ரசீதுதான்.

சாலை வரியாகக் கட்டுகிற பணம் நேராகப் போய் அவரவர் வீட்டு வாசல் சாலைக்குத் தார் ஊற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாலை வரியும் சரி, சொத்து வரியும் சரி, அரசாங்கத்தின் பொது நிதியில்தான் போய்ச் சேர்கின்றன. அதிலிருந்து பள்ளிக்கூடமும் நடக்கும், மருத்துவமனையும் நடக்கும், ராணுவமும் நடக்கும். புளோக்கைக் கூட்டிப் பெருக்குவதற்கு நகர மன்றத்துக்குத் தனியாகச் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். கார் நிறுத்த மாதாமாதம் தனிக் கட்டணம். ஒவ்வொன்றும் வேறு வேறு கணக்கு. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி, 'நான் கட்டுறேன்' என்று நெஞ்சை நிமிர்த்துவதற்கு முன்னால் ஒரு தரமாவது பில்லின் பின்பக்கத்தைப் படிக்கலாம்.

"அவர் வாகன உரிமைச் சான்றிதழுக்கு எவ்வளவு கொடுத்திருப்பார் தெரியுமா" என்று ஒரு தம்பி தனியாகச் செய்தி அனுப்பினார். தெரியும் தம்பி. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போனது. அந்தக் கடைசி ஒரு வெள்ளியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புதான், மொய் எழுதியது மாதிரி. ஆனால் அந்தப் பணத்துக்குக் கிடைப்பது பத்து வருஷம் கார் வைத்துக்கொள்ளும் உரிமை மட்டும்தான். 1990-இலிருந்து அப்படித்தான். பத்து வருஷம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்கும் அதே கதைதான். 2022-இல் மோட்டார் சைக்கிளுக்கான சான்றிதழ் 12,000 வெள்ளியைத் தாண்டியபோது, வண்டியைவிடக் காகிதம் விலை அதிகமாகிவிட்டது என்று கோப்பிக்கடையில் புலம்பாத ஆள் இல்லை. அந்தப் பெரியவரும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் பிரியாணி கொண்டுவருகிறார்.

இப்போது சிலர் சொல்வீர்கள், கார் வாங்க முடியாத பொறாமையில் எழுதுகிறான் என்று. நன்றாகச் சொல்லுங்கள். எனக்குக் கார் வாங்க ஆசை இருந்தது, மறைக்கவில்லை. மகன் பிறந்தபோது கணக்குப் போட்டும் பார்த்தேன். சான்றிதழ், பதிவுக் கட்டணம், காப்பீடு, பெட்ரோல், நிறுத்தக் கட்டணம் எல்லாம் எழுதிக் கூட்டியதும் மனைவி அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள், டப்பா ஆடாமல் இருக்க. இன்னும் அங்கேதான் இருக்கிறது. அது பொறாமையா, கையாலாகாத்தனமா, இல்லை வெறும் கணக்கா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் கார் இல்லாதவன் சாலையைப் பற்றிப் பேசக் கூடாது என்றால், என் அப்பா வாயே திறந்திருக்கக் கூடாது.

அப்பா 31 வருஷம் பேருந்து ஓட்டினார். தோ பாயோவிலிருந்து கிளம்பி இந்த ஊரின் பாதிச் சாலைகளைத் தன் கால் பெருவிரலால் அறிந்தவர். சொந்தமாக ஒரு வண்டி வாங்கியதில்லை. ஒரு காசு சாலை வரி கட்டியதில்லை. மேற்படியார் கணக்கில் அவர் என்ன, ஓசியில் ஓட்டினாரா?

சொத்து வரி மட்டும் கட்டினார், மூவறை வீட்டுக்கு. ஜனவரி பிறந்து பொங்கலுக்கு முன்னால் தபால் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று கட்டிவிட்டு வருவார். ஜனவரி 31 வரை நேரம் இருக்கிறதே என்றால், "கடனை வச்சுக்கிட்டுப் பொங்கல் வைக்கக் கூடாதுடா" என்பார். ரசீதுகள் ஒரு மைலோ டப்பாவுக்குள் இருந்தன. அவர் போன பிறகு திறந்து பார்த்தேன். ரப்பர் பேண்ட் உருகி, கம்பளிப்பூச்சி ஒட்டியதுபோல முதல் ரசீதின் குறுக்கே ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தால் எழுத்தும் சேர்ந்து வந்தது. அத்தனை வருஷத்தில் அந்த ரசீதுகளில் ஒன்றைக்கூட அவர் யார் முகத்துக்கும் நேராக ஆட்டிக் காட்டியதில்லை. கட்ட வேண்டியது, கட்டினார், டப்பாவில் போட்டார்.

என் நாலறை வீட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், யாரும் தோண்ட வேண்டாம். 2025-க்கு ஆண்டு மதிப்பு, அதாவது வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்குக் கிடைக்கும் என்று கணிக்கும் தொகை, 13,800 வெள்ளி. முதல் 12,000-க்கு வரி இல்லை. மீதி 1,800-க்கு 4 விழுக்காடு, அதாவது 72 வெள்ளி. அதில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் குடியிருப்பவர்களுக்குக் கொடுத்த 20 விழுக்காட்டுக் கழிவு போக 57 வெள்ளி 60 காசு. பைக்கையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 120 வெள்ளி. இதோ, சிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் புளோக்கில் ஈரறை வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அதுவும் இல்லை, ஆண்டு மதிப்பு 12,000-க்குள் அடங்கிவிடுகிறது. பாட்டி வரி ஏய்ப்பா செய்தார்? சட்டமே அவரிடம் கேட்கவில்லை. குழுவில் இன்னொருவர் எழுதினாரே, "வரியே கட்டாதவங்கதான் அதிகம் பேசுறாங்க" என்று, அவர் மனதில் யாரை வைத்து எழுதினார் என்று எல்லாருக்கும் தெரியும். பாட்டிக்கும் தெரியும், பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள்.

வரி அதிகம் கட்டுபவர்களுக்கு மரியாதையே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். எல்லாருக்கும் கொடுக்கிற அதே அளவு.

பெரியவர் வண்டியை நிறுத்திய இடம் தப்பு என்பதும் சரிதான். ஏற்றத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது. ஒத்துக்கொண்டேன், போதுமா? அதை "அண்ணே, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்று சொல்லியிருந்தால் பத்து வினாடியில் முடிந்திருக்கும்.

நானும் ஒன்றும் ஒழுங்கின் சிகரம் இல்லை. போன வருஷம் பைக் சோதனையை மறந்து தொலைத்தேன். மூன்று வருஷத்துக்கு மேலான மோட்டார் சைக்கிள் வருஷாவருஷம் சோதனைக்குப் போக வேண்டும், அது தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. கடிதம் வந்திருந்தது, மளிகை விளம்பரத் தாள்களோடு சேர்த்துப் பழைய பேப்பரில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் பேருந்தில் வேலைக்குப் போனேன். அந்த இரண்டு நாளும் நான் வரி கட்டாதவன்தான். பேருந்து ஓட்டுநர் என்னை இறக்கிவிடவில்லை.

அப்புறம் கடைசியாக ஒன்று, இதுதான் உண்மையிலேயே எனக்கு வலிக்கிறது. குழுவில் சிரித்த பதினான்கு பேரில் பாதிப் பேர் நம் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் கறி வாங்கிக்கொண்டு, இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து அங்கே கூட்டமாக நிற்கும் நம் ஊர்த் தம்பிகளைச் சுற்றிக்கொண்டு நடப்பவர்கள். அந்தத் தம்பிகள் காலையில் லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து, காற்றில் தூங்கிக்கொண்டே போய், இந்தச் சாலைகளை வெட்டுகிறார்கள், குழாய் பதிக்கிறார்கள், திரும்ப மூடுகிறார்கள். அவர்கள் பெயரில் சாலை வரி இல்லை, சொத்து வரி இல்லை. ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினால் அதில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி மட்டும் கார்க்காரர் கட்டுகிற அதே விகிதத்தில் கட்டுகிறார்கள். ரசீதைக்கூடக் கடை வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். "நீ என்ன கட்டுற" என்று அவர்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள்? சாலையைத்தான் கட்டுறேன் என்பார்கள்.

சூடாகிவிட்டேன், மன்னிக்கவும். புளோக் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். குப்பைக்குழாய் அடைத்துக்கொண்டால் யாராவது நேரில் சொல்லுங்கள்.

நேற்றுக் கோப்பிக்கடையில் பெரியவரைப் பார்த்தேன். நானே போய் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததற்கு எங்கள் புளோக் சார்பில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கோப்பி ஓவை, பாலில்லாத கோப்பியை, சாஸரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை ஆட்டி நிறுத்திவிட்டார். "அதை விடுங்க தம்பி. அடுத்த மாசம் நம்ம வண்டிக்குச் சோதனை வருது. பின் டயர் மொட்டையாக் கிடக்கு. நியாயமா டயர் மாத்துற கடை ஏதாச்சும் தெரியுமா?"

எனக்குத் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை நானும் கூடப் போகிறேன்.