சுவரை விடுங்கள், விளக்கைப் பாருங்கள்

மதுரையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் அக்கா மகள் நேற்று வாட்ஸப்பில் 17 படங்கள் அனுப்பினாள். "சித்தி, உங்க ஊர் ஸ்டைல். இன்டீரியர்காரங்ககிட்ட இப்படியே வேணும்னு சொல்லிட்டேன்." எல்லாவற்றிலும் வெள்ளைச் சுவர், வெளிர் மரத் தரை, சாம்பல் நிற சோஃபா. மேலே ஃபால்ஸ் சீலிங், அதில் வரிசையாக எல்.இ.டி.

நான் டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கு வந்து 11 வருடமாகிறது. இங்கே நான் போன எந்த வீட்டிலும் சீலிங் முழுக்க விளக்கெரிந்து பார்த்ததில்லை.

டிசம்பரில் இங்கே பகல் 7 மணி நேரம்தான். எட்டரைக்கு மேல் விடியும். மாலை நாலு மணிக்குள் சூரியன் போய்விடும். உச்சிப்பொழுதிலும் அது எதிர்வீட்டுக் கூரையை ஒட்டித்தான் நகரும். கிடைக்கிற அந்தக் கொஞ்ச வெளிச்சத்தை அறையின் கோடிவரை கொண்டுபோகத்தான் வெள்ளைச் சுவர். பைன் பலகை மஞ்சளடிக்காமல் வெளிறியே இருக்கக் காரநீரும் சோப்பும் போட்டுத் துடைப்பதற்கும் அதே காரணம்தான்.

சரி, இருட்டிய பிறகு? அந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் டேனிஷ் விளக்கு வடிவமைப்பாளர் பவுல் ஹென்னிங்சன். மண்ணெண்ணெய் விளக்கொளியில் வளர்ந்தவருக்கு பல்பின் கூச்சம் பொறுக்கவில்லை. 1926-ல் மூன்று மூடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ஒரு விளக்கு செய்தார். எங்கே உட்கார்ந்தாலும் பல்பு கண்ணில் படாது. ஒளி மூடிகளில் பட்டு மெத்தென்று கீழே இறங்கும். பல்பு கம்பெனிகள் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்ததால், எதை மாட்டினாலும் கூசாத பிஎச்5 (பிஎச் அவர் பெயரின் முதலெழுத்துகள்) விளக்கை 1958-ல் கொண்டுவந்தார். குறுக்களவு 50 செ.மீ., அதனால்தான் அந்த 5. சாப்பாட்டு மேஜைக்கு மேலே இரண்டடி உயரத்தில் தாழத் தொங்கும். மேஜையில் வெளிச்சம், சுற்றிலும் அரையிருட்டு. குளிர்கால இரவில் நாலு பேர் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டால், எழுந்துபோக மனசே வராது. எனக்கு டேனிஷ் வீடு என்றால் அந்த வெளிச்சம்தான்.

இன்னொன்றும் அந்தப் படங்களில் தெரியாது: அளவெடுப்பது. டேனிஷ் வடிவமைப்பாளர்களான போர்கே மொகென்சனும் கிரேத்தா மேயரும் 1950-களில் அலமாரி வடிவமைத்தபோது, ஒரு குடும்பத்தில் எத்தனை சட்டை, எத்தனை தட்டு, மடித்தால் எவ்வளவு அகலம் என்று அளந்துவிட்டுத்தான் பலகையின் ஆழத்தையே முடிவு செய்தார்கள். அதே மொகென்சன் 1947-ல் கூட்டுறவுச் சங்கத்துக்காகச் செய்த ஜே39 நாற்காலி, சாதாரணக் குடும்பமும் வாங்க வேண்டும் என்று செய்தது. மரச்சட்டம், காகிதக் கயிற்றுப் பின்னல் இருக்கை, அவ்வளவுதான். அந்த எளிமையை இன்று பணக்காரத் தோற்றமாக்கி விற்பதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

அக்கா மகளுக்கு போன் போட்டேன். "உங்க ஹால் ஜன்னல் எந்தப் பக்கம் கண்ணு?"

"மேற்கு, சித்தி."

மதுரையின் மேற்கு வெயில், அந்த ஜன்னல், சுற்றிலும் பளீர் வெள்ளை. சித்திரையில் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ஹாலில் கண்ணைத் திறக்க முடியாது. கூடவே, அவள் அம்மா கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை எண்ணி, பெரிய அண்டாவின் அகலத்தை அளந்து அனுப்பச் சொன்னேன். ஃபால்ஸ் சீலிங் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறாள். அண்டா 22 அங்குலமாம். இன்டீரியர்காரர்கள் வரைந்து கொடுத்த அலமாரியின் ஆழம் 14.