கடல் மனிதருக்குச் செவுள் வேண்டாம்

கடலுக்கடியில் வாழும் மனித இனம் ஒன்றைக் கற்பனை பண்ணச் சொன்னால், முக்கால்வாசிப் பேர் முதல் வேலையாகக் கழுத்தில் இரண்டு பக்கமும் மூன்று கீறல் போடுகிறார்கள். செவுளாம். மூச்சுப் பிரச்சினை அதோடு முடிந்தது. அடுத்து நேராக அரண்மனை: பவளச் சிம்மாசனம், திரிசூலம் பிடித்த ராஜா, முத்துமாலை போட்ட இளவரசி. பழைய ராஜா ராணிக் கதைதான், கொஞ்சம் நனைந்திருக்கிறது, அவ்வளவே.

மும்பை செம்பூரில் நாங்கள் சில பேர் சேர்ந்து தமிழில் ஒரு படக்கதை செய்துகொண்டிருக்கிறோம். மும்பைக் கரையோரக் கடலில் வாழும் 'ஆழியர்' என்கிற இனம். எழுத்து என் பொறுப்பு. படம் வரைவது தாராவியில் பிறந்து வளர்ந்த தம்பி ஒருவன். "கழுத்துல செவுள் வெச்சாத்தான் கெத்தா இருக்கும்ணே" என்பது அவன் கட்சி. நான் நுரையீரல் கட்சி. செவுள் வைத்தால் உயிரியலும் உதைக்கும், கதையும் செத்துவிடும் என்பதுதான் என் வாதம்.

முதலில் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜன் வேண்டும். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடப் பெரிதாகத் தாண்டாத மூளை, அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லி ஆக்சிஜன் இருக்கிறது. நம் பக்கத்து வெதுவெதுப்பான கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகூடத் தேறாது. அதாவது கையைக் காலை ஆட்டாமல் கிடக்கிற ஆளுக்கே நிமிடத்துக்கு 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் செவுள் வழியாக ஓடியாக வேண்டும். குழாயடியில் வரிசையில் வைக்கிற பிளாஸ்டிக் குடத்தில் மூன்று, நான்கு குடம். ஒவ்வொரு நிமிடமும். தூங்கும்போதும். கழுத்துக் கீறல் எந்த மூலைக்கு?

சசூன் டாக்கில் காலையில் மீன் வாங்கியவர்களுக்குத் தெரியும். வஞ்சிரத்தைக் கையில் எடுத்துக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தால் போதும், மீன் விற்கும் கோலி மாவ்ஷி, அதாவது மும்பை மீனவச் சமூகத்துச் சித்தி, கட்டை விரலால் செவுள் மூடியைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே ரத்தச் சிவப்பில், அடுக்கடுக்காக, சீப்புப் பல் போன்ற மெல்லிய இழைகள். ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே அங்கே இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம்தான். ஆக்சிஜன் உள்ளே வருகிற அதே வழியில் உடம்புச் சூடு வெளியே போய்விடும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பெரும்பாலான மீன்களின் உடம்பு சுற்றியிருக்கும் தண்ணீரின் சூட்டிலேயே இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஓபா என்ற மீன் மட்டும் உடம்பு முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். அதற்காக அதன் செவுளுக்குள்ளேயே ரத்தக் குழாய்கள் பின்னிக்கொண்டு சூட்டைத் திருப்பி அனுப்புகின்றன. அத்தனை பாடுபட்டும் தண்ணீரைவிடச் சுமார் 5 டிகிரிதான் கூடுதல். இதை வைத்துக்கொண்டு மனித மூளையை ஓட்ட முடியாது.

இதற்கு மேல் நம் அரபிக்கடல் வேறு. சுமார் 150 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரைக்கும் அங்கே ஆக்சிஜன் வறட்சி. உலகத்திலேயே பெரிய வறட்சிப் பட்டைகளில் அது ஒன்று. செவுள்காரன் அந்த ஆழத்தில் அரண்மனை கட்டினால் கிரகப்பிரவேசத்துக்கு ஆள் மிஞ்சாது.

சரி, நுரையீரல் என்றால்? அங்கேதான் எனக்குக் கதை பிறக்கிறது.

மூச்சை அடக்கி மூழ்குவது மனிதருக்குப் புதிது இல்லை. தென்கிழக்காசியக் கடலில் தலைமுறை தலைமுறையாக மூழ்கி வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்தில் தரையில் வாழும் மக்களுடையதைவிட ஏறக்குறைய பாதி அளவு கூடுதல் பெரியது என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கும்; சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை ரத்தத்துக்குள் தள்ளும். கூடவே சீல், திமிங்கிலம் மாதிரி தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினைக் கூட்டிக்கொண்டால் ஆழியர் தயார். எண்ணெய்த் திமிங்கிலம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் மூழ்கும். ஆழியருக்கு அரை மணி கொடுத்திருக்கிறேன். தோலுக்கடியில் தடித்த கொழுப்பு உண்டு. நீளக் கூந்தல் கிடையாது, நீச்சலுக்கு இடைஞ்சல். (இதற்கும் தம்பி ரொம்ப வருத்தப்பட்டான்.)

இப்போது பண்பாடு. கீழே போனவர் மேலே வந்தே தீர வேண்டும். அப்படியென்றால் மேலே ஒருவர் காத்திருக்க வேண்டும். எண்ணெய்த் திமிங்கிலத் தாய் இரைக்காக ஆழத்துக்குப் போகும்போது, கூட மூழ்க முடியாத குட்டியின் பக்கத்தில் கூட்டத்தில் வேறொரு பெண் இருக்கும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், மூழ்குகிறவரின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பார் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறதே, விட்டுவிடுவாரா? மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்கிறோம், கடலிறங்கப் போனாலும் அதே கதை.

ஆழியர் சமூகத்தை இந்த ஒரு கயிற்றிலிருந்தே கட்டிவிடலாம். அவர்களுக்கு 'மேலாள்' என்ற உறவு எல்லாவற்றுக்கும் முந்தியது. கல்யாணத்தில் பெண் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி, பையனுக்கு மேலாள் யார் என்பது. பிள்ளை பிறந்ததும் யார் அதை முதல் மூச்சுக்காக மேலே தூக்குகிறார்களோ அவர்தான் ஆயுசுக்கும் மேலாள். குற்றம் செய்தவனுக்குச் சிறை கிடையாது. இனி அவனுக்காக யாரும் மேலே நிற்க மாட்டார்கள், அவ்வளவுதான் தண்டனை. செவுள் வைத்த இனத்தில் இது எதுவும் வராது. அங்கே யாருக்கும் யாரும் தேவையில்லை.

தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ என்று மூழ்கிச் சம்பாதிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மேலே வந்ததும் சீட்டியடிப்பது போல ஒரு மூச்சு விடுவார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆள் வந்துவிட்டாள் என்று அதிலேயே தெரிந்துவிடும். ஆழியரின் வணக்கமும் இப்படி ஒரு மூச்சாகத்தான் இருக்க முடியும்.

பேச்சைத்தான் ரொம்ப நாள் யோசித்தேன். மும்பைக் கடல் சேறு கலங்கியது, கை நீட்டினால் விரல் தெரியாத நாளும் உண்டு. ஆக, கண் ஜாடை உதவாது, ஒலிதான் வழி. ஆனால் அடக்கிய மூச்சைப் பேசிச் செலவழிக்க முடியுமா? டால்பின் காற்றை வெளியே விடாமல் தலைக்குள்ளேயே இங்கும் அங்கும் தள்ளி ஒலியெழுப்புகிறது. ஆழியரும் அப்படித்தான் வாயைத் திறக்காமல் பேசுவார்கள், ஏறக்குறைய முனகல். உதடு பிரிகிற எழுத்தே இருக்காது. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நாலு மடங்குக்கு மேல். வெகுதூரமும் போகும். ஆகவே ரகசியம் பேசவே முடியாது, மாமியாரைப் பற்றி முனகினால் மாமியார் காதில் விழும். அந்தரங்கம் எல்லாம் தொடுகையில்தான்: முதுகில் விரலால் எழுதுவார்கள். தம்பிக்கு உடனே பிடித்துப்போன ஒரே விஷயம் இது. காதல் காட்சிகளை எல்லாம் முதுகிலேயே வரைந்து வைத்திருக்கிறான்.

தூக்கம் டால்பின் மாதிரி பாதிப் பாதி மூளையாக. நெருப்பு கிடையாது, அதனால் இரும்பும் கிடையாது. திரிசூலத்தை எவன் அடித்துக் கொடுத்தான் என்று இனிமேல் யாரும் என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

பண்டிகைதான் எனக்கு இருப்பதிலேயே பிடித்த பகுதி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆழத்து ஆக்சிஜன் வறண்ட தண்ணீர் மேற்குக் கரையோரத்து ஆழமில்லாத கடலுக்குள் ஏறி வருகிறது. செப்டம்பர், அக்டோபரில் நிலைமை உச்சம். செவுளுள்ள உயிர்கள் திணறும், ஒதுங்க இடம் தேடும். காற்றை மேலேயிருந்து எடுத்துக்கொள்ளும் ஆழியருக்கு அதுவே அறுவடை. அவர்களுடைய பொங்கல் அப்போது வருகிறது.

அதற்கு முன்னால், ஆகஸ்ட் வாக்கில், நாரளி பௌர்ணமியன்று கோலி மக்கள் கடலுக்குத் தேங்காய் விடுவார்கள். மழைக்கால ஓய்வு முடிந்து படகுகள் கிளம்பும். அந்தத் தேங்காயை ஆழியர் என்ன செய்வார்கள் என்பதுதான் எங்களுக்குள் இப்போது நடக்கிற சண்டை. உடைத்துத் தின்பார்கள் என்கிறான் தம்பி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி அரை மணியாக மேலே காத்துக்கிடக்கிற மேலாளுக்குக் கை வைத்து இளைப்பாற ஒரு மிதவை வேண்டாமா? அலையில் தள்ளாடி வருகிற தேங்காயை விட்டால் வேறு என்ன கிடைக்கும்? ஆளுக்கு ஒன்று தின்றுவிட்டு மிச்சத்தைக் கட்டி வைத்துக்கொள்ளட்டும் என்று போன ஞாயிறு ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம். என்ன கயிற்றால் கட்டுவார்கள் என்று கேட்டால்தான் இரண்டு பேரும் முழிக்கிறோம். யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.