தோராயம் ஒத்துவராவிட்டால் ரசீது தவறா?

அண்ணாச்சி, எடைகளை முழுக் கிலோவாக்கிக் கூட்டினால் வரும் தோராய எடையும் ரசீதில் உள்ள மொத்த எடையும் வேறுபட்டால் ரசீது தவறு என்று சொல்லியிருக்கிறீர்கள். அது சரியல்ல. முழுமையாக்கும்போது ஒவ்வோர் எடையும் அரைக் கிலோ வரை கூடலாம், குறையலாம். நான்கு எடைகள் என்றால் வித்தியாசம் 2 கிலோ வரை போகும்.

பாவூர்சத்திரம் சந்தையில் 2.45, 3.40, 1.48, 4.35 கிலோ காய்கள் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தோராயம் 2+3+1+4, அதாவது 10. தாளில் புள்ளிக்கு நேராகப் புள்ளி வைத்துக் கூட்டிப் பாருங்கள்: 11.68. இரண்டிலும் தவறில்லை. 2.45 என்பது 24.5 என்று பதிவாகியிருந்தால் மொத்தம் 33.73 ஆகியிருக்கும், தோராயம் காட்டிக்கொடுப்பது அத்தகைய பிழையைத்தான். சந்தேகம் தீராவிட்டால் அரைக் கிலோவுக்கு முழுமையாக்குங்கள்: 2.5+3.5+1.5+4.5 = 12. அதற்கு முன்பே வியாபாரி மீது பழி போடுவது நியாயமில்லை.